காருக்கு ஒரு மஃப்ளர்

ஜூலையில் குளிர் என்றால் ஊரில் அம்மா இன்னும் நம்புவதில்லை. இன்று காலை ஆறரைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 2 டிகிரி. கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய பேங்க் கார்டால் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார் வாங்கியவனுக்கு இந்த மாதங்களில்தான் வயிறு எரியும். சிக்னலில் எஞ்சின் தானாக அணைய வேண்டும், அதுதானே பெருமை! ஆனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்ட் சூடேறும் வரை அணையாது. அணைந்தாலும், ஹீட்டர் சூட்டை உறிஞ்சிவிட மறுபடி உறுமும். பிள்ளையின் பள்ளி 5 கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில் (டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்) சுடு கூலன்டைப் பிடித்துவைக்க ஒரு பிளாஸ்க்கே இருந்தது. சுமார் 3 லிட்டர், மூன்று நாள் வரை சூடு தாங்குமாம். நம் காப்பி பிளாஸ்க்கேதான்! அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டு, வெளியேறும் புகையின் சூட்டையே கூலன்டுக்குத் திருப்பினார்கள்.

என் காரில் இரண்டும் கிடையாது. சரி என்று ஹார்டுவேர் கடையில் வெந்நீர்க் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் வாங்கி, நீளவாக்கில் பிளந்து, கார் முகப்பில் காற்று புகும் கீழ்க் கிரில் பட்டைகளில் செருகினேன். குளிர்காற்று எஞ்சின் பக்கம் அவ்வளவாகப் புகாது, சூடு கொஞ்சம் நிற்கும். மேல் கிரில்லைத் தொடவில்லை; காரில் செருகி எஞ்சின் விவரம் பார்க்கும் ஓபிடி ரீடரில் கூலன்ட் சூட்டை ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

100 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர் குடித்தது, இந்த வாரம் 5.2. ஒரு வாரக் கணக்கில் மார்தட்டக் கூடாதுதான்.

“காருக்கு எதுக்குங்க மஃப்ளர்?” என்கிறாள் மனைவி.

செப்டம்பரில் கழற்ற வேண்டும். மறந்தால் யாராவது நினைவுபடுத்துங்கள்.