மல்லிகை வண்டியும் பாசி எண்ணெயும்

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பக்கம் பெட்ரோல் போட நின்றோம். பின்னால் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, பெட்ரோல் டைனோசர்லருந்தா வருது?"

இல்லைம்மா. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து அடியில் படிந்தன. காற்றுப்படாமல் சேற்றில் புதைந்து, மேலே மண் ஏற ஏற, சுமார் 60 முதல் 120 டிகிரி சூட்டில் மெல்ல வெந்து எண்ணெயாயின. அது குளம்போல் தேங்கி நிற்காது. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் துளைபோட்டு எடுப்பதும் அப்படிக் கிடந்ததைத்தான்.

பக்கத்தில் டீசலுக்கு ஒரு லோடு வண்டி. ஈரச் சாக்கில் மல்லிகை, அப்படி ஒரு வாசனை. மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். டீசல் மட்டுமா? தார் ரோடு, பூவைப் போட்டுத் தரும் பாலித்தீன் பை எல்லாம் அதே எண்ணெய்தான். அவ்வளவு காலம் வெந்ததை இவ்வளவு வேகமாக எரிக்கிறோமே என்று எனக்கு உறுத்துகிறது.

சரி, நரிமணத்துக்கு ஒருநாள் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள்.