தெரியவில்லை என்று சொல்ல ஒரு பட்டன்

ஆறு வருடமாக டேட்டா லேபிளிங் வேலையில் இருக்கிறேன்; கணினிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படங்களுக்கும் வரிகளுக்கும் வகைப் பெயர் போடும் வேலை. முதல் மூன்று வருடம் நானே லேபிள் போட்டேன். இப்போது மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் க்யூசி வேலை. திரையில் ஒரு படம் வரும், அல்லது யாரோ எழுதிய ஒரு வரி, அல்லது சில நொடி ஓடும் ஒலித்துண்டு. அது எந்த வகை என்று முடிவு செய்து, பக்கத்தில் இருக்கும் பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தியதுமே அடுத்தது வந்து நிற்கும். ஒரு ஷிப்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு இருபது, இருபத்தைந்து நொடி.

இயந்திரம் தானாகவே கற்றுக்கொண்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருபது நொடிகள்தான் நினைவுக்கு வரும். கணினி விஞ்ஞானி ஃபெய்-ஃபெய் லீயின் குழுவினர் 2009-இல் அறிமுகப்படுத்திய இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பு, பிறகு வளர்ந்து 1.4 கோடிப் படங்களைத் தாண்டியது. 2012-இல் செயற்கை நுண்ணறிவுத் துறையையே புரட்டிப்போட்ட முன்னேற்றம் அந்தப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்ததால் வந்தது. அவற்றுக்குப் பெயர் சூட்டியவர்கள் 167 நாடுகளில் இருந்த ஏறக்குறைய 49,000 பேர். இது நாய், இது படகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னவர்கள். அவர்களும் எத்தனையோ படங்களில் ஒரு கணம் தயங்கித்தான் இருப்பார்கள்.

அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்துக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்று கேட்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், அந்தக் கேள்வியில் பாதியாவது இந்தத் தயக்கத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

எங்கள் திரையில் முன்பு ஆறாவதாக ஒரு பட்டன் இருந்தது: 'தெரியவில்லை'. அதை அழுத்திய வரிகள் பயிற்சிக்குப் பயன்படவில்லை, காசும் நேரமும் வீண் என்று கிளையன்ட் தரப்பில் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது பட்டன் இல்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை வேகமானதால் எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து வாடிக்கையாளர் சேவை உரையாடல்களைப் பிரிக்கும் வேலை வந்தது. புகார், விசாரணை, கணக்கு மூடல், அவசரம், மற்றவை என்று ஐந்து வகை. ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுவே இறுதி. ஒரு நாள் இப்படி ஒரு வரி வந்தது. சொற்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்; பொருள் இதுதான்: "பரவாயில்லை விடுங்க. எல்லாத்தையும் முடிச்சுடுங்க. இனிமே என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது."

இரண்டு பேர் 'கணக்கு மூடல்' என்று போட்டிருந்தார்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண் 'அவசரம்' என்று போட்டிருந்தாள். பெரும்பான்மைப்படி அவளுடையது தவறு. தவறு என்றால் அவளுடைய துல்லிய மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் அடுத்த வாரம் டீம் லீட் கூப்பிட்டுப் பேசுவார். அவள் என் இருக்கைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இதைப் படிச்சா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

தோன்றியது. ஆனால் உரையாடலின் முந்தைய வரிகள் எங்களுக்குத் தரப்படவில்லை. கணக்கை மூடச் சொல்லிச் சலித்துப்போன ஒருவராகவும் இருக்கலாம். கைட்லைன் இப்படித்தான் சொல்கிறது, பெரும்பான்மையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். பிறகு 'சரி' என்பதை அழுத்தினேன். அதை அழுத்தியது நான். எழுதியவர் யார், எப்போது எழுதினார், பிறகு என்ன ஆனார் என்று எங்களுக்கு ஒருபோதும் தெரிய வராது. பெயரும் எண்ணும் அழிக்கப்பட்டுத்தான் எல்லா வரியும் எங்களிடம் வரும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த வரியைவிட, அது இயந்திரத்துக்குள் என்னவாகப் போய்ச் சேரும் என்பதுதான் என்னை அரித்தது. மூன்று பேரில் ஒருவர் பதறினார் என்ற செய்தி அங்கே போகவே போகாது. 'கணக்கு மூடல்' என்ற ஒற்றை விடை மட்டும் போகும். இப்படிப் பல்லாயிரம் வரிகளைப் படித்த இயந்திரம், நாளை அதே மாதிரி ஒரு வரியைப் பார்க்கும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு உறுதி என்று சொல்லும். அந்த உறுதி எங்கே உருவானது என்று எனக்குத் தெரியும். அவளுடைய சந்தேகத்தை நாங்கள் துடைத்தெடுத்த இடத்தில் உருவானது.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் வெறுக்கவில்லை. அதன் நல்ல முகத்தையும் நெருங்கிப் படித்திருக்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் இயந்திரம் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பயன்பட்ட 1,28,175 படங்களையும் 54 கண் மருத்துவர்கள் பிரித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று முறை, சிலவற்றை ஏழு முறை. தேர்ந்த மருத்துவர்களே ஒரே படத்துக்கு வேறு வேறு விடை சொல்வார்கள் என்பதை மனதில் வைத்துச் செய்த வேலை அது. படித்தபோது பொறாமையாக இருந்தது.

அதே நோக்கத்தில் உருவான இயந்திரத்தைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த அனுபவம் 2020-இல் வெளியானது. தெளிவில்லாத படத்துக்கு விடை சொல்லாமல் மறுக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். முதல் மாதங்களில் வந்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது மறுத்துவிட்டது. இயந்திரத்துக்கும் 'தெரியவில்லை' சொல்லத் தெரிகிறதே என்று முதலில் மகிழ்ந்தேன். மேலே படித்தபோது மனம் கனத்தது. அறையின் வெளிச்சம் சரியில்லாததால் படம் மங்கியிருக்கிறது, செவிலியர் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார், கடைசியில் நோயாளியை வேறொரு நாள் சிறப்பு மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். தயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதும் அறம் சார்ந்த கேள்விதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆல்ஃபாஃபோல்டு. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் இயந்திரம். ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய மாதங்கள், சமயத்தில் வருடங்கள்கூட ஆகும். 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகளை வெளியிட்டுவிட்டார்கள். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். என்னைக் கவர்ந்தது அந்தப் படங்களின் நிறம். இயந்திரம் உறுதியாக இருக்கும் பகுதி நீலமாக இருக்கும், தயங்கும் பகுதி மஞ்சளாகும், உறுதியின் மதிப்பெண் நூற்றுக்கு 50-க்குக் கீழே போனால் ஆரஞ்சு. தனக்கு எங்கே தெரியாது என்பதைப் புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் காட்டிக்கொண்டே விடை சொல்கிறது. இப்படி ஒரு இயந்திரம் நம்மால் செய்ய முடியும் என்றால், மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அந்த ஆரஞ்சு நிறத்தை ஏன் மறைக்கிறோம்?

மறைக்காமல் காட்டினாலும் மனிதர்கள் பார்ப்பார்களா என்பது அடுத்த கவலை. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களில் அது 34.7 சதவீதம் வரை போனது. அடுத்து 2020 ஜனவரியில், அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கறுப்பின ஆண் ஒருவரை, முகம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொன்னதை வைத்து, மனைவியும் பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போலீஸார் கைது செய்தார்கள். அவர் குற்றவாளி இல்லை. இதில் என்னை உலுக்கியது வேறொன்று. இது அடையாள உறுதி ஆகாது, கைதுக்குப் போதுமான காரணமும் ஆகாது என்று அந்த முகப்பொருத்த அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தார்கள். சந்தேகம் தாளில் இருந்தது. படித்தவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். இயந்திரத்தின் விடையை அளவுக்கு மீறி நம்பும் இந்தச் சாய்வைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த ஏஐ சட்டம் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது.

சாட்பாட்கள் இல்லாததை இருப்பதாக அடித்துச் சொல்வது ஏன் என்று 2025-இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று, அவற்றைச் சோதிக்கும் தேர்வுகள். தெரியாது என்றால் பூஜ்யம். குருட்டாம்போக்கில் ஊகித்தால் சில சமயம் மதிப்பெண் கிடைக்கும். அதனால் ஊகிப்பதே லாபம் என்று இயந்திரம் பழகிவிடுகிறது. படித்து முடித்ததும் அந்தப் பெண்ணின் குறைந்துபோன மதிப்பெண் கண்முன் வந்தது. எங்கள் திரையில் நடந்ததும் அதுதானே. தயங்கியவளுக்குத் தண்டனை கொடுத்தோம்.

அதன் பிறகு வாராந்திரக் கூட்டங்களில் இதைப் பேசத் தொடங்கினேன். 'தெரியவில்லை' பட்டன் திரும்ப வேண்டும், மூன்று பேரின் விடைகளையும் அப்படியே சேர்த்து அனுப்ப வேண்டும், 'அவசரம்' என்று ஒருவர் போட்டாலும் அதைப் பெரும்பான்மையால் அழிக்கக் கூடாது என்று கேட்டேன். ஏழு மாதம் ஆனது. முதல் இரண்டும் நடக்கவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவதை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஒரே ஒருவர் 'அவசரம்' என்று போட்ட வரிகள் தனி வரிசையாக வருகின்றன. முன்னும் பின்னும் இருக்கும் உரையாடலைச் சேர்த்தே தருகிறார்கள். அந்த வரிசையில் டார்கெட் கிடையாது. அதைப் பார்க்க யாரைப் போடலாம் என்று கேட்டபோது அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

நேற்று அதில் பதினேழு வரிகள் இருந்தன. பதினாறு சாதாரணமானவை, கோபத்திலோ களைப்பிலோ எழுதியவை. மிச்சம் இருந்த ஒன்றை இருவரும் நாலு முறை படித்தோம். அவள் குறிப்புப் பெட்டியில், "உறுதியாகத் தெரியவில்லை. யாராவது இவரிடம் பேசினால் நல்லது" என்று தட்டினாள். நான் அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினேன்.