பிரஷ் கட்டர் கார்புரேட்டர்: லிவரில் அரை மில்லிமீட்டர்

நேற்று சாயங்காலம் ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை பிரஷ் கட்டர் நிற்காமல் ஓடியது. மூன்று வாரமாக எதிர்பார்த்த சத்தம். தென்னைக்கு நடுவே முழங்கால் உயரப் புல் சாய்வதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

52 சிசி, டூ ஸ்ட்ரோக். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் அடங்கி அணைந்துவிடும். பாதி சோக்கில் மட்டும் சுமாராக ஓடும். அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை. டேங்க் ஃபில்டர், டியூப், மூடியின் காற்றுத்துளை மூன்றும் சரியாகவே இருந்தன.

கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டையோ கிழிசலோ இல்லை. ஆனால் நடுவில் விரலை வைத்தால் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி 'டிக்' என்றது. துணி மாதிரி தளர்வாக அசைய வேண்டியது அது. இன்ஜின் உறிஞ்சும்போது அது உள்வாங்கி, அடியிலிருக்கும் சின்ன நெம்புகோலான லிவரை அழுத்தினால்தான், பெட்ரோல் வழியை அடைத்திருக்கும் ஊசியான நீடில் திறக்கும். பொங்கலுக்கு ஊற்றிய எத்தனால் கலந்த பெட்ரோலை நான்கு மாதம் உள்ளேயே விட்டது என் தப்பு.

டயாபிரமும் லிவரும் சேர்ந்து வரும் ரிப்பேர் கிட் வாங்கக் கோயம்புத்தூருக்கு இரண்டு தடவை போனேன். மாடல் பெயரைச் சொல்லி வாங்கியதில் ஓட்டைகள் பொருந்தவில்லை. பழைய டயாபிரத்தையே கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

புதிய கிட் போட்டதும் தலைகீழாகிவிட்டது. ஏர் ஃபில்டர் வழியாகப் பெட்ரோல் சொட்டியது, பிளக் நனைந்தது. இங்கேதான் பத்து நாள் போனது.

வீட்டில் கிடந்த பழைய பி.பி. கருவியின் பல்பையும் டயலையும் பெட்ரோல் வரும் குழாயில் மாட்டி, 200 வரை காற்றடித்தேன். டயாபிரமும் அதன்மேல் வரும் கார்புரேட்டர் மூடியும் இல்லாமல் முள் அசையாமல் நின்றது. இரண்டையும் மாட்டி இறுக்கியதும் பத்து எண்ணுவதற்குள் 100-க்கு இறங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் முக்கினால் கார்புரேட்டரின் தொண்டையிலிருந்து குமிழ் வருகிறது. ஆக, நீடிலில் குறையில்லை. லிவர் உயரமாக இருப்பதால், டயாபிரம் சும்மா இருக்கும்போதே அதை அழுத்தி நீடிலைத் திறந்து வைக்கிறது.

பழைய லிவரைத் திரும்ப மாட்டி ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அதன் முனை, டயாபிரத்துக்கு அடியில் இருக்கும் குழியான சேம்பரின் தரையோடு சமம். கிட்டில் வந்தது அதைவிட அரை மில்லிமீட்டர் உயரம். கார்புரேட்டரிலேயே வைத்து வளைத்தால் நீடிலும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். வெளியே எடுத்து இரண்டு நோஸ் பிளையரால் பிடித்து வளைக்க வேண்டும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அரிசி அளவுதான், தெறித்தால் கிடைக்காது. அதனால் கழற்றுவது, மாட்டுவது எல்லாமே கண்ணாடிப் பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத்தான். முதல் தடவை அதிகமாக இறங்கி, மறுபடி பெட்ரோல் போதவில்லை. மூன்றாவது தடவை சமமாக வந்தது. மூடியோடு 200-ல் ஐந்து நிமிடம் முள் அப்படியே நின்றது.

இனி வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிடுவேன். ஆயில் லிட்டருக்கு 40 மில்லி, அதில் மாற்றமில்லை.

மாமாவின் பவர் ஸ்பிரேயரும் இதே மாதிரி அடங்குகிறதாம். அது மிதவை வைத்த கார்புரேட்டர், வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் இதில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஹெச் ஸ்க்ரூவைச் சரிபார்க்க வேண்டும். முழு வேகத்தில் சத்தம் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது. கால் சுற்று திறந்து, பிளக் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.