பயம் தெளிவதை அளப்பது: மெய்நிகர் ஆய்வுக்கூடக் குறிப்புகள்

'எனக்குப் பயம் போய்விட்டது' என்று ஒருவர் சொல்வதை, பயத்தை ஆய்வுக்கூடத்தில் கற்பித்து, அது தெளிவதை அளக்கும் இந்தத் துறையில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எங்கே போனது என்றுதான் கேட்போம். ஓர் அறையில் தெளிந்த பயம் அடுத்த அறையில் மறுபடி தலைதூக்கும். பழைய நினைவு அழிவதில்லை. 'இங்கே ஒன்றும் ஆகாது' என்ற புதுப் பாடம் அதை அடக்கி வைக்கிறது. அந்தப் பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலிகளை வைத்து உளவியலாளர் மார்க் பௌட்டன் இதைப் பல ஆண்டுகளாகக் காட்டியிருக்கிறார். எலிக்குக் கூண்டின் தரையையும் வாசனையையும் மாற்றினால் போதும். மனிதரை வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போனால் எது மாறியதால் பயம் திரும்பியது என்று சொல்ல முடியாது. அறையை மட்டும் மாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. கணினி உருவாக்கிய அறையைக் கண்முன் காட்டும் மெய்நிகர் கருவி (virtual reality), பெரும்பாலும் தலையில் மாட்டும் ஹெட்செட், அதற்குத்தான் வந்தது.

வழக்கமான ஏற்பாடு மூன்று நாள். முதல் நாள் ஓர் அறையில் இரண்டு விளக்குகள் மாறி மாறி எரியும். நீலம் எரியும்போது மணிக்கட்டில் சிறிய ஷாக், மஞ்சளுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வேறு அறை, அதே விளக்குகள், ஷாக்கே கிடையாது. மூன்றாம் நாள் இரண்டு அறைகளிலும் சோதனை. ஷாக்கின் அளவை ஆளுக்கு ஆள் கீழிருந்து ஏற்றி, 'எரிச்சலாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை' என்று அவரே சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். நீலம் எரியும் ஒவ்வொரு முறையும் ஷாக் கொடுக்கக் கூடாது, நான்கில் மூன்று முறை போதும். தவறாமல் கொடுத்தால் மறுநாள் முதல் தடவை வராதபோதே ஆள் சுதாரித்துக்கொள்வார். பயம் தெளிவதை அளக்க நமக்கு அவகாசமே இருக்காது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கெவின் லபார் குழுவினர் விளக்குக்குப் பதில் பாம்பு, சிலந்தி உருவங்களைப் பயன்படுத்தினார்கள். ஹெட்செட்டும் இல்லை, ஆறு பக்கமும் திரையாக உள்ள 3 மீட்டர் கனசதுர அறைக்குள் ஆளையே நிறுத்தினார்கள். செய்முறை 2010-இல் வெளிவந்தது. பாம்பைக் காட்டினால் உடலின் துலங்கல் பெரிதாகக் கிடைக்கும், ஆனால் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பயம் எவ்வளவு, நாம் கற்பித்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். விளக்கு சலிப்பூட்டும்தான். ஆனாலும் எங்கள் ஓட்டு விளக்குக்கே.

அளப்பது வியர்வையை: பயந்தால் விரல் வியர்க்கும், வியர்த்த தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் வெள்ளி, வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடுகள், அதிகம் பயன்படுத்தாத கையில். வெறும் தண்ணீரில் கை கழுவச் சொல்ல வேண்டும். சோப்பு தோலின் கடத்துதிறனைக் குறைத்துவிடும். ஈசிஜி ஜெல்லைத் தடவுவது புதியவர்கள் செய்யும் தவறு: அதில் உப்பு அதிகம், அளவு பொய்யாக ஏறும். உப்பு குறைவான (0.05 மோலார் செறிவு) பசைதான் சரி. ஒட்டியபின் ஐந்து நிமிடமாவது பசை ஊற விட வேண்டும். பிறகு ஒரு பெருமூச்சு விடச் சொல்லுங்கள். கோடு மேலே எழவில்லை என்றால் தொடங்கவே வேண்டாம். விளக்கு எரிந்து ஒன்றிலிருந்து நான்கு விநாடிக்குள் தொடங்கும் ஏற்றம்தான் கணக்கு. அதற்கு முன் வந்தால் இருமலோ அசைவோ இருக்கும். எலக்ட்ரோடு ஒட்டிய கையில் மெய்நிகர் அறையை இயக்கும் கன்ட்ரோலரைக் கொடுத்தால் எல்லாமே அசைவுதான்.

மெய்நிகர் அறையில் வரும் தலைவலி வேறு. சாதாரணத் திரையில் விளக்கு எரிந்தால் ஆள் பார்த்தே தீர வேண்டும். இங்கே அவர் திரும்பி ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். மென்பொருள் பதிவில் விளக்கு எரிந்திருக்கும், அவர் பார்த்திருக்க மாட்டார். விளக்கு இருக்கும் திசைக்குத் தலை வந்த பிறகே எரியும்படி நிரல் எழுதினால் தீரும். இன்னொன்று குமட்டல். ஆளைத் தண்டவாளத்தில் தள்ளுவதுபோல் அறைக்குள் நகர்த்தினால் தலைசுற்றும், வியர்க்கும், அந்த வியர்வை பயம் என்று பதிவாகும். உட்காரவைத்து, அறை மாறும்போது திரையை இருட்டாக்கி மாற்றுவது பாதுகாப்பு.

இவ்வளவு செய்தும் பயம் திரும்புவது சில சமயம் மங்கலாகத்தான் தெரியும். முதல் சந்தேகம் ஹெட்செட் மேலேயே வர வேண்டும். நமக்கு அவை இரண்டு அறைகள். அவருக்கோ அதே நாற்காலி, நெற்றியில் அதே அழுத்தம், விரலில் அதே பசை. அந்தப் பொதுச் சூழலோடும் பாடம் ஒட்டிக்கொள்கிறது. அறைக்கு அறை பின்னணி ஒலியை மாற்றுவதும், தொடங்குமுன் இரண்டு மூன்று நிமிடம் சும்மா சுற்றிப் பார்க்க விடுவதும் ஓரளவு உதவும். சிகிச்சையில் இதே சிக்கல் தலைகீழாக வரும். 1995-இல் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம் குழு உயரத்துக்குப் பயப்படுபவர்களுக்கு மெய்நிகர் லிஃப்ட், பாலம் வழியாகப் பயிற்சி கொடுத்து முடிவுகளை வெளியிட்டது. அங்கே கற்றது ஹெட்செட்டைக் கழற்றியபின் நிஜ மாடிக்கும் கூடவே போக வேண்டும். அதனால்தான் பயிற்சியை ஒரே காட்சியில் முடிக்காமல் பல காட்சிகளில் கொடுப்பது நல்லது.

மூன்றாம் நாளில் கைவிடக் கூடாதது ஷாக் வயர். அன்று ஷாக் வராது என்று நமக்குத் தெரியும், அதனால் மணிக்கட்டில் மாட்டாமல் விட்டுவிடத் தோன்றும். வயர் இல்லை என்றால் பயப்பட எதுவுமில்லை என்று அவர் உடனே புரிந்துகொள்வார். பயம் தெளிந்ததாக ஒரு அழகான வரைபடம் கிடைக்கும், அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அன்றைக்கு நம்பக்கூடியவை முதல் ஓரிரு தடவைகள்தான், அதற்குப் பின் அவர் மறுபடி கற்கத் தொடங்கிவிடுகிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் திரும்பிய பயம் கரைந்துபோகும். முதலில் எரியும் விளக்கு எதுவானாலும் அதற்கு ஒரு திடுக்கிடல் இருக்கும் என்பதால், பாதிப் பேருக்கு நீலமும் மீதிப் பேருக்கு மஞ்சளும் முதலில் வரும்படி வரிசையை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.