பண்பாட்டுத் தொழில்துறையில் ஒரு முதுகலை

இலண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ், கிங்ஸ் கல்லூரிகளில் உள்ளதைப் போன்ற பண்பாட்டுத் தொழில்துறை (நாடகம், இசை, திரைப்படம் போன்ற கலைகளைத் தொழிலாக நடத்தும் துறை) முதுகலைப் படிப்புகளைப் பற்றி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டுதான். கலை ஆலைச் சரக்காக மாறுவதைக் கண்டித்து 1940களில் ஜெர்மானியச் சிந்தனையாளர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் எழுதியதையும், அதே கலையை 13 துறைகளாகப் பிரித்துப் பொருளாதாரக் கணக்கில் சேர்த்த 1998ஆம் ஆண்டின் பிரிட்டன் அரசு ஆவணத்தையும் அருகருகே வைத்து வாசிப்பதே இத்துறைக்குள் நுழைய நல்ல வழி என்பேன்.

நடைமுறைப் பயிற்சி இதைவிடக் கடினமானது. ஒரு சிறிய நாடகத்துக்கு கலைகளுக்குப் பொதுப்பணம் வழங்கும் இங்கிலாந்து கலை மன்றத்திடம் நல்கை கேட்பதாக வைத்துக்கொள்வோம்: அரங்க வாடகை, காப்பீடு, நடிகர் ஊதியம், இசைக்கான உரிமத் தொகை எனச் செலவுகளை வரிவரியாக எழுதுவதோடு, வழக்கமாக மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை வேறு வழிகளில் திரட்டுவதாகவும் காட்ட வேண்டும். (நடிகர் ஊதியத்தைத்தான் பலர் குறைப்பார்கள்.) சுரண்டலைப் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவர் அந்த ஊதியத் தொகையை எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் கோட்பாடு அவருக்குள் இறங்கியிருக்கிறதா என்பது தெரியும்.

எனக்குள்ள குறை ஒன்றுதான்: படிப்போடு கலை நிறுவனங்களில் செய்யும் களப்பயிற்சி ஊதியமில்லாததாக இருந்தால், இலண்டன் வாடகையைத் தாங்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது பயன்படும். ஆகவே, சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை மட்டும் பார்க்காமல், களப்பயிற்சிக்கு ஊதியம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.