அப்பாவின் பிஸ்டல் என் பெயருக்கு மாறிய கதை

ஒருவழியாக லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பட்டது எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். வாரிசு முறையில் துப்பாக்கி லைசென்ஸ் மாற்ற நினைப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பயன்படும்.

குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. அப்பா 2023 கடைசியில் இறந்த பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஷீட் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு கூலி கொடுக்கப் போவதும் நான்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் ஒற்றை ரோடு, போன் டவர் பாதி வழியிலேயே போய்விடும். அந்த ரோட்டில் பைக்கில் வந்த இரண்டு பேர் என் ஸ்கூட்டியை மறித்துப் பையை இழுத்தார்கள். பின்னால் தடி ஏற்றிய லாரி ஒன்று வந்ததால் தப்பித்தேன்.

அப்பாவிடம் இருந்தது வெப்ளி அண்ட் ஸ்காட் .25 பிஸ்டல். பர்மிங்காமில் செய்த பழைய சரக்கு. நாலேகால் அங்குல நீளம், மேகசினில் 6 தோட்டா, சட்டைப்பையில் போட்டால் வெளியே தெரியாது. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை எண்பதுகளின் நடுவிலேயே நிறுத்திவிட்டதால் இந்த மாதிரி ஒன்று இனி புதிதாக வராது. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரைப் புதிதாக வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். பெண்களை மனதில் வைத்து 2014-இல் கொண்டுவந்த ‘நிர்பீக்’ அரைக் கிலோ எடை. அப்பாவின் பிஸ்டல் அதைவிடக் குறைவு. வீட்டில் ஒன்று இருக்கும்போது எதற்கு இன்னொன்று?

முதல் எச்சரிக்கை. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடியட்டும், நாற்பது கழியட்டும் என்று பீரோவில் வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. துக்க வீட்டில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்து மாமா, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். “மக்களே, கொண்டு குடுக்கதுக்கு முந்தி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கோ. நம்பர், எழுத்து எல்லாம் தெளிவா விழணும். எண்ணெய் போட்டுத் துணியில சுத்திக் குடு” என்றார். இந்த வார்த்தைதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். அதில் என்ன துப்பாக்கி, என்ன போர் (bore, அதாவது குழாயின் உள் அளவு), நம்பர், தோட்டா எத்தனை என்று இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ரசீதில் போர் என்ற இடத்தில் ‘6.35 எம்.எம்.’ என்று எழுதியிருந்தார்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் ‘.25’ என்று இருந்தது. இரண்டும் ஒரே அளவுதான். அதனால் ஒரு வில்லங்கம் வரும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தேன், தாசில்தார் கையெழுத்தோடு சிக்கல் இல்லாமல் வந்தது. அம்மாவின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. தம்பிதான் கத்தாரில் இருக்கிறான். அவன் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் லைசென்ஸ் அலுவலகம் வரை போனால், மேசையில் இருந்தவர் தாளைத் தொடக்கூட இல்லை. “எம்பசி முத்திரை எங்கம்மா?” வெளிநாட்டில் இருக்கும் வாரிசு இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்ற அசல் வேண்டும் என்பதை முதல் தடவை விசாரித்தபோதே சொல்லியிருந்தால் அந்தப் பயணம் மிச்சம். தம்பி லீவு போட்டுத் தூதரகத்துக்குப் போய், ஊருக்கு வந்த ஒருவர் கையில் அசலைக் கொடுத்தனுப்பினான். கல்ஃபில் அண்ணன் தம்பி இருப்பவர்கள் மற்ற எந்தத் தாளுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் கொடுத்த நாளில் வந்த கேள்வியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. “பொம்பளைக்கு எதுக்கும்மா பிஸ்டல்? உங்க வீட்டுக்காரர் பேர்ல போடுங்க, சீக்கிரம் நடக்கும்.” என் கணவர் வங்கி வேலையில் தூத்துக்குடியில் இருக்கிறார். தோட்டத்துக்குப் போவதும் பணத்தோடு திரும்பி வருவதும் நான். விதியில் வாரிசு என்றால் மகளும்தான் என்று ஆயுத விதிகள் 2016-இன் 25-ஆம் விதியை எடுத்துக் காட்டினேன். அவர் படிக்கவில்லை, ஆனால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டேன். “அதெல்லாம் தபால்ல வரும்” என்றார். வாங்காமல் நகரவில்லை. பிறகு ஒவ்வொரு மேசையிலும் அந்தச் சீட்டில் இருந்த எண்தான் பேசியது.

அதே 25-ஆம் விதியில் இன்னொன்று இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அப்பா அம்மா இருக்கும்போதே இதைச் செய்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, வாரிசுச் சான்று என்று பாதி அலைச்சல் இல்லை. வீட்டில் வயதானவர் பெயரில் துப்பாக்கி உள்ளவர்கள் தயவுசெய்து இந்த வாரமே பேசுங்கள்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார், வருவாய் ஆய்வாளர் வந்தார். அங்கே ஒரு சுற்று. அப்பாவின் புத்தகத்தில் முகவரி ‘கல்குளம் தாலுகா’. தாலுகாவைப் பிரித்த பிறகு எங்கள் கிராமம் திருவட்டாறு தாலுகாவில் இருக்கிறது. வீடு நகரவில்லை, தாலுகாதான் மாறியது. ஆனாலும் ‘முகவரி வேறுபாடு’ என்று ஃபைல் திரும்பியது. இரண்டும் ஒரே இடம்தான் என்று வி.ஏ.ஓ. ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், கேட்ட அன்றைக்கே கொடுத்தார். திருவட்டாறு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்கள் பழைய லைசென்ஸோடு போனால் இந்தச் சான்றை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

போலீஸ் அறிக்கைக்கு உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ரோட்டில் மறித்த சம்பவத்துக்கு நான் அன்றைக்கே புகார் கொடுத்திருந்தேன். ஆனால் கையில் இருந்தது சி.எஸ்.ஆர். ரசீது. “இது மனு ரசீது, எஃப்.ஐ.ஆர். இல்லையே” என்றார்கள். வழக்குப் பதியாமல் விட்டவர்கள் அவர்கள், ஆதாரம் இல்லை என்று சொன்னதும் அவர்களே. மேலதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்கிய பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. யாராவது மிரட்டினாலோ வழிமறித்தாலோ சி.எஸ்.ஆரோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அறிக்கை போகும் நேரத்தில் தேர்தல் வந்தது. 2024 மார்ச் 16 அன்று அறிவிப்பு. எங்கள் பக்கம் நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு இடைத்தேர்தலும். அலுவலகத்தில் எல்லோரும் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள். லைசென்ஸ் உள்ளவர்களே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டு கொடுக்கிற நேரத்தில் புது லைசென்ஸை யார் பார்ப்பார்? ஜூனில் நடத்தை விதிகள் நீங்கிய பிறகு போனால் ஃபைல் போன இடத்திலேயே இருந்தது. போலீஸ் அறிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் லைசென்ஸ் அதிகாரி முடிவெடுக்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்தேன். அறிக்கை தானாக வந்து சேர்ந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் அந்தப் போர் விஷயம் வெடித்தது. ஃபைலைப் பார்த்த கிளார்க் சொன்னது: “லைசென்ஸ்ல .25, ஸ்டேஷன் ரசீதுல 6.35. இது வேற துப்பாக்கிம்மா.” அங்குலத்தில் கால், மில்லிமீட்டரில் 6.35, கணக்குப் போட்டாலே தெரியும் என்றேன். “நம்பர் மாறியிருக்கு, நான் எப்படிக் கையெழுத்துக்கு வைக்க முடியும்?” என்றார். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் ரசீதைத் திருத்தி வாருங்கள் என்றார். ஸ்டேஷனிலோ, எழுதினது எழுதினதுதான், திருத்தினால் எங்களுக்குச் சிக்கல் என்றார்கள்.

அப்போதுதான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. போனில் தேடி எடுத்தேன். ஸ்லைடின், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியின், இடது பக்கம், எண்ணெய் மினுமினுப்பில், கம்பெனி பெயருக்குக் கீழே 6.35 என்றும் .25 என்றும் அடுத்தடுத்துப் பொறித்திருந்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கிக் காட்டினேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு “இதைப் பிரின்ட் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று மட்டும் சொன்னார். அந்தப் பிரின்ட்டோடு ஃபைல் மேலே போனது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மருத்துவச் சான்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு காலையில் முடிந்தது. பயிற்சிச் சான்றுக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது, ஆனால் அந்தப் பயிற்சிக்காகச் செலவழித்த நேரம் வீண் இல்லை. இந்த மாதிரிப் பழைய குட்டி பிஸ்டலில் சேம்பருக்குள் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடக்கவே கூடாது, கீழே விழுந்தால் வெடித்துவிடலாம் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் போனால் அந்த உரிமை கிடையாது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் சிறைக்குப் போவது நான். லைசென்ஸ் கேட்கிற ஒவ்வொருவரும் இதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

புத்தகம் வாங்கியதும் கவுன்டரிலேயே நின்று ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிடுங்கள். பெயர், நம்பர், போர், செல்லுபடியாகும் இடம். எனக்குத் தமிழ்நாடு மட்டும். குமரி மாவட்டக்காரருக்கு இது பெரிய விஷயம். ஆஸ்பத்திரி, விமானம், ரப்பர் வியாபாரம் என்று நாம் திருவனந்தபுரம் ஓடாத மாதம் உண்டா? களியக்காவிளையைத் தாண்டினால் என் லைசென்ஸ் வெறும் தாள், பையில் இருப்பது சட்டவிரோதத் துப்பாக்கி. கேரளத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் தனியாக மனுப் போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அதுவரை அம்மாவை அந்தப் பக்கம் டாக்டரிடம் கூட்டிப் போகும் நாளில் பிஸ்டல் வீட்டுப் பெட்டியில், சாவி என்னிடம்.

ஸ்டேஷனில் திரும்ப வாங்கும்போதும் அவசரப்படாதீர்கள். சுற்றிக் கொடுத்த துணியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். நம்ம ஊர் ஈரத்தில் ஸ்லைடின் ஓரத்திலும் மேகசின் அடியிலும் துரு பிடித்திருந்தது. அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். மாமா எண்ணெயும் பழைய பனியன் துணியும் வைத்து அரை நாள் உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தார்.

வெளியே எடுத்துப் போகும்போது உறையில், முழுக்க மூடியபடி. எடுத்துக் காட்டுவது, கல்யாண வீட்டில் மேலே சுடுவது எல்லாம் குற்றம். தோட்டா வாங்கினால் புத்தகத்தில் பதிவு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். .25 தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது, மதுரைக் கடையில் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். லைசென்ஸ் இப்போது 5 வருடத்துக்கு. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், அதற்கும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள்.