நிலநடுக்கப் பாடமும் ஒரு மாணவியின் கேள்வியும்

“சார், நம்ம ஸ்கூல் கட்டடத்தை நிலநடுக்கத்தைத் தாங்குற மாதிரி கட்டியிருக்காங்களா?” என்று அந்த மாணவி கேட்டபோது, “எனக்குத் தெரியாதும்மா, கேட்டுச் சொல்றேன்” என்று பதில் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும், அன்றாடம் அதே கட்டடத்தில் வந்து உட்கார வேண்டிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதில் என் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

அந்தக் கேள்வி திடீரென்று வந்ததன்று. பாடத்தை நான் நடத்திய முறையே அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. பூமிக்கடியிலுள்ள பாறை இழுபடும்போது அதிலிருக்கும் சாய்வான பிளவுக்கு மேலே உள்ள பக்கம் கீழே சரிகிறது, அமுக்கப்படும்போது மேலே ஏறுகிறது, சில இடங்களில் இரு பக்கமும் பக்கவாட்டில் உரசி நகர்கின்றன. இந்த மூன்று வகைகளையும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் மனப்பாடம் செய்து, தேர்வில் அம்புக்குறிகளையும் சரியாகப் போட்டுவிடுவார்கள். நிலம் ஏன் நடுங்குகிறது என்பது மட்டும் புரிந்திருக்காது. அதனால் உப்புத்தாள் ஒட்டிய பலகையின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதில் கட்டிய ரப்பர் பட்டையைச் சீரான வேகத்தில் இழுக்கச் சொல்வது என் வழக்கம். பட்டை நீண்டுகொண்டே போகும், செங்கல் அசையாது. உராய்வால் தாங்க முடியாத கட்டம் வந்ததும் ஒரே தாவலாக நகர்ந்து மறுபடியும் நின்றுவிடும். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, கலிபோர்னியாவில் நீண்டு ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே போடப்பட்டிருந்த வேலிகள் மீட்டர் கணக்கில் விலகிக் கிடந்தன. அவற்றையும் நில அளவைகளையும் ஆராய்ந்த அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் சொன்ன விளக்கமும் இதுதான். பிளவின் இரு பக்கத்துப் பாறைகளும் நெடுங்காலம் மெல்ல வளைந்து ஆற்றலைத் தேக்கிக்கொள்கின்றன, பிடி விட்டதும் சட்டென்று நிமிர்கின்றன. நாம் உணரும் அதிர்வு அந்த நிமிர்விலிருந்து பிறக்கிறது.

செங்கல் நகரும் ஒவ்வொரு முறையும் பட்டையின் நீளத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். குறித்துக்கொண்டே வந்த அந்த மாணவி, “ஒரே செங்கல், ஒரே வேகத்துலதான் இழுக்கிறோம், ஏன் சார் ஒவ்வொரு தடவையும் வேற வேற நீளத்துல நகருது?” என்று கேட்டாள். என் பணிக்காலத்தில் மாணவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் செங்கல் புதிய இடத்தில் புதிய சொரசொரப்பைப் பற்றிக்கொள்கிறது, அதன் பிடியும் மாறிவிடுகிறது என்று விளக்கினேன். பிறகு கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு கதையைச் சொன்னேன். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலம் அதிர்ந்திருந்தது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கணித்து, கருவிகளைப் புதைத்து அறிவியலாளர்கள் காத்திருந்தார்கள். அது வந்ததோ 2004 செப்டம்பரில். எங்கே வரக்கூடும், எவ்வளவு பலமாக ஆட்டக்கூடும் என்பதை ஓரளவு சொல்லலாம், எந்த நாளில் வரும் என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை என்றேன். “நாள் சொல்ல முடியாதுன்னா அதைத் தெரிஞ்சு என்ன சார் பண்றது?” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். அதற்கேற்பக் கட்டடம் கட்டலாம் என்பது என் பதில். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டும்போது இழுபட்டு விரிசல் விடும். அதனால்தான் கதவு ஜன்னல்களுக்கு மேலே கம்பி வைத்த கான்கிரீட் பட்டையைச் சுற்றிலும் ஓடவிட்டு எல்லாச் சுவர்களையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறார்கள் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அவளுடைய கேள்வி அப்போதுதான் வந்தது.

வேறு பதில்கள் என்னிடம் இல்லாமலில்லை. நம் பக்கத்தில் பெரிய பிளவு எதுவும் இல்லை, பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அசையாத பழம்பாறை என்று கருதப்பட்ட தீபகற்ப இந்தியாவின் நடுவே, 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய 10,000 பேர் இறந்ததைப் படித்தவன் அப்படி எப்படிச் சொல்வது? பொறியாளர்கள் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அது ஊகம். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பு என்று அந்த வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஊகத்தைப் பதிலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைக் கேட்ட மூத்த ஆசிரியர் ஒருவர், “பிள்ளைகள் கையில் இல்லாத ஒன்றை ஏன் சார் அவர்கள் தலையில் ஏற்றுகிறீர்கள்?” என்றார். அவர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. அறிவியலில் தெரியாது என்பது நேர்மையான சொல்தான். ஆனால், பாதுகாக்கும் பொறுப்பில் இருக்கிற பெரியவர் ஒருவர் அதைச் சொல்லும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வேறு விதமாகக் கேட்கலாம். மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள் என்ற பயிற்சி அவர்கள் கையில் இருக்கிறது. சுவருக்குள் கம்பி இருக்கிறதா என்பது அவர்கள் கையில் இல்லை.

இருந்தாலும் இரண்டு சனிக்கிழமைகள் என் நினைவை விட்டுப் போவதில்லை. 2005 அக்டோபர் 8, காஷ்மீர் நிலநடுக்கம்: பாகிஸ்தான் பகுதியில் அது பள்ளி நாள், காலை ஒன்பது மணியைக்கூட எட்டவில்லை, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறைகளுக்குள்ளேயே இறந்தார்கள். 2015 ஏப்ரல் 25, நேபாளம்: அங்கே சனிக்கிழமை வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோது அவற்றில் பிள்ளைகள் இல்லை. 1933இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலநடுக்கத்தால் பள்ளிகள் இடிந்து விழுந்தது மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. நேரம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அச்சமே ஒரே மாதத்தில் கலிபோர்னியாவில் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் வரக் காரணமாயிற்று. விடுமுறை நாளும் கடிகாரமும் காப்பாற்றியதைக் கட்டடம் காப்பாற்றியதாகக் கணக்கில் கொள்ள முடியாது. இதை எண்ணும்போது அவள் கேட்டது நியாயம், நான் சொன்னதும் நியாயம் என்று படுகிறது. மறுநாளே அவள் முகத்தைப் பார்க்கும்போது அந்த உறுதி தளர்ந்துவிடுகிறது.

சொன்னபடியே கேட்கவும் செய்தேன். கட்டட வரைபடம் இருக்கிறதா, யாரேனும் பொறியாளர் பார்த்திருக்கிறாரா என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். கூடவே, “இத்தனை வருஷமா ஒரு கீறல்கூட விடலையே சார்” என்றும் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள், அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்தப் பதிலை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. இழுபடும் நேரமெல்லாம் அசையாமல் இருந்த செங்கல்லைத் தங்கள் கையாலேயே அளந்த பிள்ளைகள் அவர்கள். நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை என்பதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதை அவர்களே எனக்கு எடுத்துச் சொல்வார்கள். வரைபடம் கிடைக்கும்வரை பொறுத்திருப்பதா, வந்த பதிலை வந்தபடியே சொல்லி அவர்களையே எடைபோடச் சொல்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்ன வாக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.